பின்னே போனால் பெருகும் பிழை

பிரிட்டனில் ட்ரெய்லர் லாரிக்கு உரிமம் கேட்டு வருபவர்களில் பலருக்கு வியர்த்துக் கொட்டும் இடம் ஒரு காலி மைதானம். அங்கே எதிரில் வண்டி வராது. சிக்னல் கிடையாது. யாரும் குறுக்கே ஓடமாட்டார்கள். தரையில் சில கூம்புகள், ஓரத்தில் குறிப்பேட்டோடு ஒரு தேர்வாளர், அவ்வளவுதான். லாரியும் ஆள் நடக்கும் வேகத்தைத் தாண்டாது. செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: வண்டியைப் பின்னோக்கி ‘எஸ்’ வடிவில் வளைத்து எடுத்து, கூம்புகளுக்கு நடுவே உள்ள ஒடுக்கமான தடத்தில் நுழைத்து, ட்ரெய்லரின் பின்முனையைக் குறித்த எல்லைக்குள் நிறுத்த வேண்டும்.

ஆண்டுக்கணக்கில் கார் ஓட்டியவருக்கும் இது முதல் நாளில் வராது. இடப்பக்கம் போக நினைத்தால் ட்ரெய்லர் வலப்பக்கம் போகும். சரி செய்யப் போனால் இன்னும் மோசமாகும். கொஞ்ச நேரத்தில் கேபினும் ட்ரெய்லரும் மடக்குக்கத்தி போல மடிந்து நிற்கும். இதற்குக் கைப்பழக்கம் போதாததை மட்டும் காரணம் சொல்ல முடியாது. முன்னே போகும் ட்ரெய்லருக்கு ஒரு குணம், பின்னே போகும் ட்ரெய்லருக்கு நேர் எதிர்க் குணம். முன்னே போகையில் பிழை தானே ஆறும். பின்னே போகையில் அதே பிழை தானே வளரும். வளர்வதற்கு ஒரு கணக்கும் உண்டு. அந்தக் கணக்கு தெரிந்தால், “மெதுவாகப் போ, கொஞ்சமாக ஒடி, சீக்கிரம் திருத்து” என்று பயிற்சியாளர்கள் ஓயாமல் சொல்வதன் பொருள் விளங்கும்.

என்ன தேர்வு, என்ன வண்டி

பிரிட்டனில் இந்த உரிமத்துக்கு ‘சி.இ.’ வகை என்று பெயர். 18 வயது நிரம்பியவர்கள், தொழில்முறை ஓட்டுநருக்கான தகுதிச் சான்றையும் சேர்த்துப் பெறுவதாக இருந்தால், இதற்கு முயலலாம். மருத்துவப் பரிசோதனை, எழுத்துத் தேர்வு, சாலை அபாயங்களைக் காணொளியில் பார்த்து முன்கூட்டியே கண்டுகொள்ளும் தேர்வு எல்லாம் முடிந்த பிறகுதான் வண்டி ஓட்டும் தேர்வு.

முன்பெல்லாம் முதலில் சாதாரண லாரிக்கு உரிமம், அதன்பின் ட்ரெய்லர் லாரிக்கு என்று இரண்டு படி ஏற வேண்டியிருந்தது. 2021இல் அங்கே லாரி ஓட்டுநர் பற்றாக்குறை கடுமையானது. அந்த நவம்பரில் விதியை மாற்றினார்கள். கார் உரிமம் உள்ளவர் இடைப்படியைத் தாண்டி நேராக ட்ரெய்லர் லாரித் தேர்வுக்கு வரலாம் என்றானது. அதோடு, ரிவர்ஸ் எடுப்பதும் ட்ரெய்லரைக் கழற்றி மாட்டுவதும் சாலைத் தேர்விலிருந்து பிரிந்து தனிப் பகுதியாயின.

தேர்வுக்குக் கொண்டுவரும் வண்டி குறைந்தது 14 மீட்டர் நீளம் இருக்க வேண்டும். சுமையோடு சேர்த்து 15 டன்னுக்குக் குறையக் கூடாது. ஆயிரம் லிட்டர் தொட்டிகளில் தண்ணீர் நிரப்பி ட்ரெய்லரில் ஏற்றி வைப்பது வழக்கம். ஒரு தொட்டித் தண்ணீர் ஒரு டன். எடை பார்க்க மேடை வேண்டாம், தொட்டிகளை எண்ணினால் போதும். உரிமம் கைக்கு வந்தபின் ஓட்டப்போகும் வண்டி இன்னும் பெரிது. வழக்கமான ட்ரெய்லர் லாரிக்கு 16.5 மீட்டர் நீளமும், ஆறு அச்சுகள் இருந்தால் 44 டன் எடையும் அங்கே உச்சவரம்பு. 2023இலிருந்து இதைவிட நீளமான சில ட்ரெய்லர்களுக்கும் அனுமதி கிடைத்திருக்கிறது.

இரண்டு வண்டி, ஒரு முளை

நாம் ஒரே லாரி என்று பார்ப்பது உண்மையில் இரண்டு வண்டிகள். முன்னால் இன்ஜினும் கேபினும் கொண்ட குட்டையான இழுவை வண்டி. பின்னால் முன்சக்கரமே இல்லாத ட்ரெய்லர். அதன் முன்பக்கத்துப் பாரம் இழுவை வண்டியின் முதுகில் உட்கார்ந்திருக்கிறது. அந்த முதுகில் கிரீஸ் பூசிய ஒரு கனத்த இரும்புத் தட்டு. ‘ஃபிஃப்த் வீல்’ என்பார்கள். ட்ரெய்லரின் வயிற்றிலிருந்து கீழே நீட்டிக்கொண்டிருக்கும் ‘கிங்பின்’ என்ற எஃகு முளை அந்தத் தட்டின் பிளவுக்குள் நுழைந்ததும் தாடை பூட்டிக்கொள்ளும். உலகெங்கும் சாலைகளில் ஓடும் பெரும்பாலான ட்ரெய்லர்களில் இந்த முளையின் தடிமன் இரண்டு அங்குலம், அதாவது சுமார் 5 சென்டிமீட்டர். மொத்த ட்ரெய்லரையும் இழுப்பது அந்த இரண்டு அங்குல எஃகுதான்.

இந்த ஏற்பாட்டைப் பரவலாக்கியவர்களில் ஒருவர் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்துக் கொல்லர் ஆகஸ்ட் ஃப்ரூஹாஃப். 1914இல் ஒரு மர வியாபாரி தன் படகை ஏரிக்கு எடுத்துப்போக ஏதாவது செய்து கொடு என்று கேட்டார். ஃபோர்டு மாடல்-டி காரின் பின்னால் மாட்டக்கூடிய இரண்டு சக்கர வண்டி ஒன்றை ஃப்ரூஹாஃப் செய்து கொடுத்தார். அது பிடித்துப்போகவே, மரம் ஏற்றவும் அப்படியே செய்யச் சொன்னார் வியாபாரி. பெரிய ட்ரெய்லர் கம்பெனி ஒன்று அதிலிருந்து பிறந்தது.

வண்டியை ஏன் இரண்டாக உடைக்க வேண்டும்? திரும்புவதற்காக. 16 மீட்டர் நீளத்துக்கு ஒரே சட்டம் போட்டு, ஒரு முனையில் ஸ்டீயரிங், மறுமுனையில் சக்கரம் என்று வைத்தால் ஊருக்குள் எந்த முக்கிலும் அது திரும்பாது. நடுவில் மூட்டு வைத்தால் திரும்பும். பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் இதற்கு ஒரு விதி இருக்கிறது. ஒரே மையம் கொண்ட இரண்டு வட்டங்கள் வரையுங்கள். வெளிவட்டத்தின் ஆரம் 12.5 மீட்டர், உள்வட்டத்தின் ஆரம் 5.3 மீட்டர். இவற்றுக்கு நடுவே உள்ள வளையத்துக்குள் எந்தப் பக்கமும் பிதுங்காமல் லாரி சுற்றிவர வேண்டும். வளையத்தின் அகலம் 7.2 மீட்டர். லாரியின் அகலமோ 2.55 மீட்டர்தான். நேராகப் போகையில் இரண்டரை மீட்டர் சாலை போதும் என்கிற வண்டிக்குத் திரும்பும்போது ஏறத்தாழ மூன்று மடங்கு இடம் தேவைப்படுகிறது.

பாரிஸில் ஒரு கடிகாரம்

மூட்டு வைத்த வண்டி எந்தப் பாதையில் போகும் என்ற கேள்வி லாரியைவிட வயதில் மூத்தது. 1670களில் பாரிஸில் கிளோட் பெரோ என்ற மருத்துவர் இருந்தார். லூவர் அரண்மனையின் கிழக்குத் தூண் வரிசையை வடிவமைத்தவர்களில் ஒருவர். சிண்ட்ரெல்லா கதையை எழுதிய சார்ல் பெரோவின் அண்ணன். அவர் தன் பைக் கடிகாரத்தை மேசைமேல் வைத்து, அதன் சங்கிலி நுனியை மேசை விளிம்போடு நேர்க்கோட்டில் இழுத்தார். கடிகாரம் வளைந்து வளைந்து விளிம்பை நோக்கி நெருங்கியது. “இது என்ன வளைவு?” என்று அறிஞர்களைக் கேட்டார்.

கணித அறிஞர்கள் ஹைகன்ஸும் லைப்னிட்ஸும் 1690களின் தொடக்கத்தில் இந்த வளைவைப் பற்றி எழுதினார்கள். ‘டிராக்ட்ரிக்ஸ்’ என்று அதற்குப் பெயர் நின்றுவிட்டது. கடிகாரத்துக்கு ஒரே ஒரு கட்டுப்பாடுதான்: ஒவ்வொரு நொடியும் சங்கிலி இருக்கும் திசையிலேயே நகர வேண்டும். ட்ரெய்லரின் சக்கரத்துக்கும் அதே கட்டுப்பாடு. சக்கரம் பக்கவாட்டில் நகராது. ட்ரெய்லர் எந்தத் திசையைப் பார்க்கிறதோ அந்தத் திசையில்தான் உருளும். ஆகவே கேபின் நேராகப் போகும்போது ட்ரெய்லரின் பின்சக்கரங்கள் வரைவதும் பெரோவின் கடிகாரம் வரைந்த அதே வளைவு.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பெரிய ட்ரெய்லரில் கிங்பின்னிலிருந்து பின்சக்கரத் தொகுப்பின் நடுப்பகுதி வரை சுமார் 8 மீட்டர். லாரி ஒரு முக்கில் திரும்பி, கேபின் ட்ரெய்லருக்கு 90 டிகிரி குறுக்கே நிற்கிறது என்று வையுங்கள். இனிக் கேபின் நேராகப் போகிறது. 8 மீட்டர் போனதும் 90 டிகிரி 40 ஆகிவிடும். 16 மீட்டரில் 15. 24 மீட்டரில் 6. 32 மீட்டரில் 2. 40 மீட்டரில் ஒரு டிகிரிக்கும் கீழே. ஓட்டுநர் எதுவும் செய்யவில்லை. ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு போனார், ட்ரெய்லர் தானாக அவர் பின்னால் வந்து வரிசையில் நின்றுகொண்டது. கணிதப்படி அந்தக் கோணம் முழுதாகப் பூஜ்யம் ஆவதே இல்லை. ஆனால் டயருக்கும் சாலைக்கும் அந்த அளவு நுணுக்கம் தெரியாது.

இதில் ஒரு நிரந்தர விகிதம் இருக்கிறது. ட்ரெய்லரின் நீளம் அளவுக்கு ஒருமுறை முன்னேறினால் (சிறு கோணங்களில்) கோணம் 2.718 மடங்கு சுருங்கும். மடக்கை படித்தவர்களுக்குப் பழக்கமான அதே எண்.

திசை மாறினால் தலைகீழ்

சங்கிலியால் கடிகாரத்தை இழுக்கலாம், தள்ள முடியாது. ட்ரெய்லருக்கோ இரும்புச் சட்டம் இருக்கிறது, அதைத் தள்ளலாம். வினை அங்கே தொடங்குகிறது.

ரிவர்ஸில் அதே சமன்பாடுதான் வேலை செய்கிறது. குறி மட்டும் மாறுகிறது. சுருங்கியதெல்லாம் இப்போது விரியும். கேபின் நேராகப் பின்னால் போகிறது. ட்ரெய்லர் ஒரே ஒரு டிகிரி கோணலாக இருக்கிறது. கண்ணாடியில் பார்த்தால் அந்த ஒரு டிகிரி தெரியாது. 8 மீட்டர் பின்னே போனதும் அது 2.7 டிகிரி. 16 மீட்டரில் 7.4. 24 மீட்டரில் 20. 32 மீட்டரில் 51. 40 மீட்டரில் 100 டிகிரியைத் தாண்டியிருக்கும். அதாவது ட்ரெய்லர் கேபினின் பக்கவாட்டில் வந்து மோதும் நிலை. முன்னே போகையில் எந்த 40 மீட்டர் செங்கோணத்தை ஒன்றுமில்லாமல் ஆக்கியதோ, அதே 40 மீட்டர் இப்போது ஒன்றுமில்லாததைச் செங்கோணத்துக்கும் மேலே கொண்டுபோகிறது.

கோணத்தைத் துல்லியமாகப் பூஜ்யத்தில் வைத்துவிட்டால் என்ன? காகிதத்தில் முடியும். சாலையில் ஒரு சிறு கல், டயர்களின் காற்றழுத்தத்தில் லேசான வேறுபாடு, தரையின் சரிவு, ஏதாவது ஒன்று பூஜ்யத்தைக் கெடுத்துவிடும். நீளமான குச்சியை உள்ளங்கையில் செங்குத்தாக நிறுத்தி விளையாடிய எல்லோருக்கும் இந்த நிலை தெரியும். குச்சி தானாக ஒருபோதும் நிற்காது. கை ஓயாமல் நகர்ந்து அதை நிறுத்துகிறது. ரிவர்ஸில் ட்ரெய்லரை நேராக வைத்திருப்பதும் லாரியின் பொறியமைப்பு இல்லை, ஓட்டுநரின் மூளைதான். தேர்வாளர் அந்த மைதானத்தில் சோதிப்பது இதைத்தான்: நிலைகொள்ளாத ஒன்றை இந்த மனிதரால் ஓயாத சிறு திருத்தங்களால் நிலைகொள்ள வைக்க முடியுமா?

வலம் ஒடித்தால் இடம் போகும்

கோணல் பெருகுவது ஒரு சிக்கல் என்றால், ஸ்டீயரிங் எதிர்ப்பக்கம் வேலை செய்வது இன்னொன்று. ட்ரெய்லரின் வால் இடப்பக்கம் போக வேண்டும் என்றால் ஸ்டீயரிங்கை முதலில் வலப்பக்கம் ஒடிக்க வேண்டும். இழுவை வண்டியின் பின்பகுதி வலப்பக்கம் நகரும். கிங்பின்னையும் வலப்பக்கம் தள்ளும். சக்கரத்தை மையமாகக் கொண்டு ட்ரெய்லரின் வால் இடப்பக்கம் திரும்பும். ஆனால் ஸ்டீயரிங்கை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தால் மடிந்துவிடும். வேண்டிய கோணம் வந்ததும் ஸ்டீயரிங்கை இடப்பக்கம் திருப்பி, ட்ரெய்லரைத் துரத்திக்கொண்டு கேபின் போக வேண்டும். முதலில் எதிர்ப்பக்கம், பிறகு அதே பக்கம். ‘எஸ்’ வடிவத்தில் இந்த ஜோடி வேலையை இரண்டு பக்கமும் செய்தாக வேண்டும்.

குழம்பிப்போகாமல் இருக்க ஓட்டுநர்கள் கைக்கொள்ளும் சூத்திரம் எளிமையானது. நேராகப் பின்னே போகையில் எந்தப் பக்கக் கண்ணாடியில் ட்ரெய்லர் கூடுதலாகத் தெரிய ஆரம்பிக்கிறதோ, அந்தக் கண்ணாடியை நோக்கி ஸ்டீயரிங்கைத் திருப்பு. வால் இடப்பக்கம் போனால் இடக் கண்ணாடியில் பெருசாகும். இடப்பக்கம் ஒடித்தால் கேபினின் மூக்கு வலப்பக்கம் போய் ட்ரெய்லரோடு நேர்ப்படும். கணக்கும் அதையே சொல்கிறது.

பார்வையும் ஒத்துழைக்காது. பிரிட்டனில் நம் ஊர் போலவே ஓட்டுநர் வலப்பக்கம் உட்காருகிறார். ட்ரெய்லர் வலப்பக்கம் வளைந்தால் சன்னல் வழியே எட்டிப் பார்த்துக்கொள்ளலாம். இடப்பக்கம் வளைந்தால் தூரத்துக் கண்ணாடி மட்டும்தான் துணை. எதிர்ப்பக்கக் கண்ணாடியில் வால் கண்ணுக்கே படாது. நம் ஊரில் என்றால் கிளீனர் இறங்கி, பின்பக்கம் நின்று, “வரலாம்… வரலாம்… ஹோல்டான்!” என்று பாடியைத் தட்டிச் சொல்வார். தேர்வில் அந்தக் குரல் கிடையாது. சந்தேகம் வந்தால் நிறுத்தி, பிரேக் போட்டு, இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வருவது நல்ல ஓட்டுநரின் லட்சணம் என்று பயிற்சியாளர்கள் சொல்லித் தருகிறார்கள்.

மெதுவாகப் போவதன் கணிதம்

மேலே சொன்ன கணக்கில் நேரமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். 8 மீட்டருக்கு 2.7 மடங்கு என்றால் அந்த 8 மீட்டரை 5 நொடியில் கடந்தாலும் 50 நொடியில் கடந்தாலும் 2.7 மடங்குதான். பிழை வளர்வது தூரத்தால். மனிதன் யோசிப்பது நேரத்தால். இந்த வேறுபாட்டில்தான் ஓட்டுநரின் பிழைப்பே இருக்கிறது.

கோணலைக் கண்டு, புரிந்து, கையைத் திருப்ப ஒரு நொடி ஆகிறது என்று வைப்போம். மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் அந்த நொடியில் வண்டி 1.4 மீட்டர் போய்விடும். கோணல் 19 சதவீதம் வளர்ந்திருக்கும். மணிக்கு 1 கி.மீ. வேகத்தில் 28 சென்டிமீட்டர்தான் போகும், கோணல் 3.5 சதவீதம்தான் வளரும். ஓட்டுநரின் திறமை கூடவில்லை, அனிச்சைச் செயல் வேகமாகவில்லை. காலைத் தூக்கியதில் வண்டி ஐந்து மடங்கு சாதுவாகிவிட்டது.

இதே கணக்கில் ஓர் ஆச்சரியமும் ஒளிந்திருக்கிறது. நீளமான ட்ரெய்லரைவிடக் குட்டையான ட்ரெய்லரைப் பின்னே எடுப்பதுதான் கடினம். 8 மீட்டர் ட்ரெய்லரில் 2.7 மடங்காக 8 மீட்டர் தேவை. கார் பின்னால் மாட்டும் 3 மீட்டர் ட்ரெய்லரில் அதே பெருக்கம் 3 மீட்டரிலேயே நடந்துவிடும். அதோடு, குட்டை ட்ரெய்லரில் கோணம் ஓர் எல்லையைத் தாண்டிவிட்டால் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தாலும் திரும்பாது. முன்னே இழுத்து நேராக்குவதைத் தவிர வேறு வழியில்லை. 40 டன் லாரியை லாவகமாகப் பின்னே நுழைக்கும் ஓட்டுநர், விடுமுறையில் காரோடு மாட்டிய சிறு வண்டியிடம் திணறினால் சிரிக்க வேண்டாம். கணிதம் அவர் பக்கம் இல்லை.

கணினிக்கும் இது பாடமாக இருந்திருக்கிறது. 1989இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் டெரிக் நுயென், பெர்னார்ட் விட்ரோ இருவரும், ட்ரெய்லர் லாரியைப் பின்னே எடுத்துச் சரக்கு மேடையில் நிறுத்த ஒரு செயற்கை நரம்பு வலைக்குக் கற்றுக்கொடுத்தார்கள். கணினித் திரையில் ஏறத்தாழ 20,000 முறை பின்னே போய்ப் போய் அது கற்றது. இன்றைய செயற்கை நுண்ணறிவு அலைக்கு வெகுகாலம் முன்பே நடந்த சோதனை அது. 2015இல் ஃபோர்டு நிறுவனம் தன் பிக்கப் வண்டியில் ஒரு குமிழ் வைத்தது. ட்ரெய்லர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் குமிழைத் திருப்பினால் போதும். ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம், எவ்வளவு ஒடிப்பது என்பதை வண்டி பார்த்துக்கொள்ளும். தேர்வுக்கு வரும் மனிதரோ இருபதாயிரம் முறை பழக வாய்ப்பில்லாமல், சில நாள் பயிற்சியில் அதைக் கற்றுக்கொண்டு வருகிறார்.

கழற்றுவதும் மாட்டுவதும்

அதே மைதானத்தில் இன்னொரு பரீட்சை: ட்ரெய்லரைக் கழற்றிவிட்டு, மறுபடி மாட்ட வேண்டும். பார்க்கச் சாதாரண வேலை. உயிர் போகும் வாய்ப்பு இருப்பது இதில்தான்.

இழுவை வண்டியிலிருந்து ட்ரெய்லருக்குச் சுருள் சுருளாகக் குழாய்கள் போகும். சிவப்புக் குழாயில் எப்போதும் காற்றழுத்தம் இருக்கும். அது பாதுகாப்பு வழி. மஞ்சள் குழாய் பிரேக் மிதியின் கட்டளையைக் கொண்டுபோகும். மின்கம்பிகள் தனி. 1869இல் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் ரயிலுக்குக் காற்று பிரேக்கைக் கொண்டுவந்தபோது, காற்று போனால் பிரேக்கும் போய்விடும் ஆபத்து இருந்தது. 1872இல் அவர் அந்த ஏற்பாட்டைத் தலைகீழாக்கினார்: குழாயில் அழுத்தம் இருக்கும்வரை பிரேக் விலகியிருக்கும், அழுத்தம் விழுந்தால் தானே பிடிக்கும். லாரியிலும் அந்தத் தத்துவமே. நிறுத்து பிரேக்கை ஒரு வலுவான சுருள்வில் அழுத்திப் பிடிக்கிறது. காற்று அந்த வில்லைப் பின்னுக்குத் தள்ளி வைத்திருக்கிறது. சிவப்புக் குழாயைக் கழற்றினால் ட்ரெய்லர் பிரேக் பிடித்து நின்றுவிடும்.

இந்தப் பாதுகாப்பே கவனக்குறைவானவருக்குக் கண்ணி ஆகும். கேபினின் நிறுத்து பிரேக்கைப் போடாமல், ட்ரெய்லர்தான் நிற்கிறதே என்று இறங்கிவிடுகிறார். இரண்டு வண்டிக்கும் நடுவே ஏறி நின்று சிவப்புக் குழாயை மாட்டுகிறார். ட்ரெய்லருக்குக் காற்று போகிறது. அதன் பிரேக் விலகுகிறது. சரிவான தரையில் மொத்த வண்டியும் ஓட ஆரம்பிக்கிறது. கேபினில் யாரும் இல்லை. பிரிட்டனில் இப்படி ஓட்டுநர்கள் இறந்திருக்கிறார்கள். ஆகவே தேர்வில் வரிசை மாறக் கூடாது. கேபின் பிரேக், ட்ரெய்லருக்கென்றே உள்ள தனி நிறுத்து பிரேக், தரை கெட்டியா என்று பார்வை, தாங்கு கால்களை இறக்குதல், குழாய்கள், கம்பிகள், பாதுகாப்புக் கொக்கி, பூட்டு நெம்புகோல், பிறகுதான் மெல்ல முன்னே நகர்தல். திரும்ப மாட்டியதும் குறைந்த கியரில் லேசாக முன்னே இழுத்து, கிங்பின் உண்மையிலேயே பூட்டிக்கொண்டதா என்று சோதிக்க வேண்டும். காதுக்குக் கேட்ட ‘டக்’ சத்தத்தை நம்பக் கூடாது.

சாலையில் ஒரு செங்கோண முக்கோணம்

கடைசியில் சாலைத் தேர்வு, ஏறத்தாழ ஒரு மணி நேரம். இங்கே ரிவர்ஸ் இல்லை. முன்னே போகும் ட்ரெய்லர் சாதுவானது என்று சொன்னேன். ஆனால் சாதுவும் குறுக்கு வழியில் போகும்.

லாரி வட்டமாகத் திரும்புகையில் கிங்பின் 12 மீட்டர் ஆரத்தில் சுற்றுகிறது என்று கொள்வோம். ட்ரெய்லரின் சக்கரம் எந்த வட்டத்தில் போகும்? பள்ளிக்கூடத்துப் பிதாகரஸ் தேற்றம் போதும். ட்ரெய்லரின் நீளக்கோடு அதன் சக்கரம் போகும் வட்டத்துக்குத் தொடுகோடு. தொடுகோடும் ஆரமும் செங்குத்து. எனவே 12இன் வர்க்கம் 144, அதிலிருந்து 8இன் வர்க்கம் 64 போக மீதி 80. வர்க்கமூலம் சுமார் 9. பின்சக்கரத் தொகுப்பு 9 மீட்டர் ஆரத்தில், அதாவது முன்பகுதியைவிட 3 மீட்டர் உள்ளே வெட்டிக்கொண்டு வரும். இன்னும் இறுக்கித் திருப்பி, கிங்பின் 8 மீட்டர் ஆரத்தில் சுற்றினால் விடை பூஜ்யம். பின்சக்கரங்கள் முன்னே போகாமல் நின்ற இடத்திலேயே சுழலும். மூன்று அச்சுகள் இருப்பதால் டயர்கள் ஒன்றையொன்று எதிர்த்து இழுபட்டு, தார்ச்சாலையில் கறுப்புக் கோடு போடும்.

இந்த 3 மீட்டரை வைத்துத்தான் சாலைத் தேர்வில் ஓட்டுநரின் பாதி மதிப்பெண் நிற்கிறது என்று சொல்லலாம். இடப்பக்கம் திரும்பப் போகிறவர் முதலில் வலப்பக்கம் விலகிப் போகிறார். முக்கைத் தாண்டி நேராகச் சிறிது தூரம் போய்விட்டுத்தான் ஒடிக்கிறார். ஒடித்துக்கொண்டே இடக் கண்ணாடியில் கண்ணை வைத்திருக்கிறார். அப்படிச் செய்யாவிட்டால் ட்ரெய்லரின் சக்கரம் நடைபாதையில் ஏறும். அங்கே யார் நின்றாலும் அவர் மேலும் ஏறும். லண்டனில் சைக்கிள் ஓட்டிகள் பலர் இப்படி இடப்பக்கம் திரும்பும் லாரிக்கு அடியில் சிக்கி இறந்திருக்கிறார்கள். கேபினிலிருந்து நேரடியாக எவ்வளவு பார்க்க முடிகிறது என்பதைக் கணக்கிட்டு நட்சத்திரம் கொடுத்து, தேறாத கனரக லாரிகளை நகருக்குள் கட்டுப்படுத்தும் விதியை அங்கே 2021இலிருந்து நடைமுறைப்படுத்துகிறார்கள்.

பிரிட்டனும் நாமும் சாலையின் இடப்பக்கம் போகிறவர்கள். 40 அடி கண்டெய்னர் ஏற்றிய ட்ரெய்லர்கள் எண்ணூர், மணலி, தூத்துக்குடிச் சாலைகளில் இரவும் பகலும் போகின்றன. ஒவ்வொரு முக்கிலும் அதே பிதாகரஸ் தேற்றம் வேலை செய்கிறது. இரண்டு சக்கர வாகனத்தில் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முன்னால் போகும் ட்ரெய்லர் லாரி இடப்பக்கச் சந்திப்புக்கு அருகில் வலப்பக்கமாக விலகினால், இடப்பக்கம் ஓர் இடைவெளி விரியும். ஓட்டுநர் வழி விடுகிறார் என்று நினைத்து அதற்குள் நுழைந்துவிடாதீர்கள். அது அந்த லாரியின் பின்சக்கரங்கள் வரப்போகும் இடம். பிரேக்கைப் பிடித்துப் பின்னால் நில்லுங்கள். லாரி திரும்பி முடித்தபின் போங்கள்.